ஆறு நாள் மடக்கு ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கெல்லாம் துணி துவைக்கிற நாள், தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள், சூரியநெல்லி கடைவீதிக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருகிற நாள். ராமுத்தாய்க்கு மட்டும் அது அடுப்போடு கட்டிப் போட்ட நாள். திங்கள் முதல் சனி வரை, நாளைக்கு நான்கு வீதம், இருபத்துநான்கு மடக்கு ரொட்டி சுட்டு அடுக்கியாக வேண்டும். அத்தனையும் ஒரே ஒரு வயிற்றுக்கு. அந்த வயிறு அவள் புருஷன் சுருளிவேலுடையது.

இதென்ன கூத்து, ஊர் உலகத்தில் எவளாவது ஒரு வாரத்துச் சாப்பாட்டை ஒரே நாளில் சமைத்து வைப்பாளா என்று கேட்கத் தோன்றும். தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகிறவளுக்கு வேறு வழி கிடையாது. காலை ஆறரைக்கு மஸ்டர் களத்தில் பேர் கூப்பிடும்போது எதிரே நிற்க வேண்டும். சாயங்காலம் கடைசி எடை போட்டு லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேரும்போது கை இரண்டும் மரக்கட்டையாகிக் கிடக்கும். அந்தக் கையால் தினமும் முட்டை உடைத்து, கடலை இடித்து, மாவு பிசைந்து கொண்டிருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்துவிட்டால் மற்ற நாளெல்லாம் தோசைக்கல்லில் ஒரு புரட்டுப் புரட்டித் தூக்குவாளியில் போட்டு அனுப்பிவிடலாம். ஆவணிக் குளிரில் அந்த மலையில் எதுவும் சீக்கிரம் கெடாது. முட்டை வைத்தது புதன் வரை தாங்கும். வியாழன் முதல் சனி வரைக்குக் கருவாட்டுப் பொடி வைத்தது.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தைய வருஷம் இது. அந்த எஸ்டேட்டில் ஓணத்துக்கு மறுநாள் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். அணிக்கு ஏழு பேர், நடுவில் ஒரு கோடு, யானை கட்டுகிற தடிமனில் ஒரு வடம். ஜெயித்தவர்களுக்கு ஒரு கிடா ஆடும் ஒரு வாழைத்தாரும் உண்டு. அதெல்லாம் பெரிதில்லை. அந்த எஸ்டேட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வடத்தின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறானே ஒருத்தன், ஜெயித்த அணியின் அந்தக் கடைசி ஆள் எஸ்டேட் மேனேஜர் துரையிடம் ஒன்று கேட்கலாம். ஒரே ஒன்று. மஸ்டர் களத்தில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். துரை தலையை அசைத்துவிட்டால் அது நடந்த மாதிரிதான். ஒரு வருஷம் ஒருத்தன் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் கேட்டு வாங்கினான். இன்னொருத்தன் வேறு எஸ்டேட்டில் கிடந்த தன் தம்பியை இங்கே மாற்றிக் கேட்டான். கேட்டது கிடைக்காமல் போனதாகக் கதையே இல்லை.

மேல் டிவிஷனின் கடைசி ஆள் சுருளிவேல்.

ராமுத்தாய்க்கு வேண்டியதும் ஒரே ஒன்றுதான். நிரந்தரத் தொழிலாளிகளின் பேரேடான செக்ரோலில் அவள் பேர் ஏற வேண்டும். ஒன்பது வருஷமாக அவள் டெம்பரவரி. நிரந்தரக்காரிகள் கிள்ளுகிற அதே கொழுந்தைத்தான் அவளும் கிள்ளினாள், அதே அட்டைதான் அவள் காலையும் கடித்தது. ஆனால் நிரந்தரக்காரிக்குப் பிரசவ லீவு உண்டு, டெம்பரவரிக்குக் கிடையாது. வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழு மாத வயிற்றோடு, மழையில் வழுக்குகிற சரிவில் கூடையைச் சுமந்துகொண்டு இறங்கும்போது அவளுக்கு வலி எடுத்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருக்கிற யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். அடுத்த வாரமே அவள் மஸ்டரில் போய் நின்றாள். நிற்காமல் என்ன செய்வாள்?

இப்போது வயிற்றில் மறுபடியும் ஒன்று தங்கியிருந்தது. ஆனி மாதம் அதைச் சொன்னபோது சுருளிவேல் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்தான்.

"இந்தத் தடவ வடம் நமக்குத்தான் புள்ள."

"ஜெயிச்சா என்ன கேப்பீங்க?"

"ஒம் பேரத்தான். வேற என்னத்தக் கேக்கப் போறேன்?"

"துரைகிட்ட எப்படிச் சொல்வீங்க? சொல்லுங்க, கேப்போம்."

"ஐயா, எம் பொண்டாட்டி ஒம்பது வருசமா டெம்பரவரி. அவ பேர செக்ரோல்ல ஏத்தணும். அம்புட்டுதான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவனும் சொன்னான். பிறகு அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "இது மேல சத்தியம்" என்றான். அவள் கேட்காமலேயே அவனாகச் செய்த சத்தியம் அது.

அன்றைக்குத் தொடங்கியது இந்த ரொட்டிப் பாடு. துரை காலேஜ் நாளில் வடம் இழுத்தவராம். அணியில் இருக்கிற ஏழு பேரையும் கூப்பிட்டு, சோற்றை மட்டும் தின்றால் தொந்திதான் வரும், தசைக்குப் புரோட்டீன் வேண்டும், முட்டை, பயறு, கடலை, மீன், பால் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பங்களாக் கோழிப்பண்ணையிலிருந்து ஆளுக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். மற்ற ஆறு பேர் வீட்டிலும் அந்த முட்டை பிள்ளைகள் வாய்க்குப் போனது. அதையும் குற்றம் சொல்ல முடியாது. ராமுத்தாய் ஒருத்திதான் முட்டையை முட்டையாகப் பார்க்காமல் செக்ரோலில் ஒரு வரியாகப் பார்த்தாள்.

ரொட்டிக்கு யோசனை கொடுத்தது பங்களாச் சமையல்காரர் மத்தியாஸ். துரைக்கு விருந்தாளியாக இத்தாலிக்காரர் ஒருவர் வந்து தங்கியிருந்தார். அந்த மனிதர் ஒருநாள் தானே சமையலறைக்குள் வந்து மாவைத் தட்டி, மேலே தக்காளியைப் பூசி, பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு அடுப்பில் வைத்து எடுத்திருக்கிறார். மத்தியாஸ் அதைக் குழாயடியில் வந்து சொன்னார். "பீட்சான்னு பேரு. நம்ம ரொட்டிதான், ஆனா கொழம்பு தொட்டுக்க வேண்டாம், மேலயே இருக்கு. ஒத்தக் கையால திங்கலாம்." தண்ணீர் பிடிக்க வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். ராமுத்தாய் சிரிக்கவில்லை. பயிற்சி முடிந்து வருகிறபோது சுருளிவேலின் கை இரண்டும் வடம் உரசி உரிந்து கிடந்தன. சோற்றைப் பிசைந்தால் எரிகிறது என்று பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். ஒற்றைக் கையால் தின்னலாம் என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இத்தாலிக்காரரின் கட்டிக்கு அவள் எங்கே போவாள்? பாலைத் திரித்து, வெள்ளைத் துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவைத்தாள். தண்ணீரெல்லாம் இறங்கிய பிறகு அந்தக் கட்டியை அடுப்புக்கு மேலே புகையில் இரண்டு நாள் தொங்கவிட்டாள். தக்காளியோடு பூண்டும் வற்றலும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து கரண்டியில் ஒட்டாமல் வரும்வரை சுருள வதக்கினாள். ஈரம் இருந்தால் ஆறு நாள் தாங்காது. கோதுமை மாவில் கால் பங்கு வறுத்து அரைத்த கொள்ளு மாவு. உள்ளே வைக்கத் தட்டைப்பயறு மசியல், இடித்த நிலக்கடலை, உதிர்த்த முட்டை. ரொட்டியை அரை வேக்காட்டில் எடுத்து, தக்காளியைப் பூசி, மசியலைப் பரப்பி, பால்கட்டியை உதிர்த்துப் போட்டு, தட்டு மூடி, தட்டின் மேல் தணலைக் கொட்டுவாள். கட்டி இளகி மேலே சிவந்ததும் எடுத்துவிடுவாள். இத்தாலிக்காரர் அதை அப்படியே விரித்துத் தின்றிருப்பார். தூக்குவாளியில் விரித்து வைக்க முடியாதே. அதனால் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டினாள். பீட்சா என்ற பேர் லயத்தில் யார் வாயிலும் நிற்கவில்லை. மடக்கு ரொட்டி என்றார்கள்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் அதே வரிசையில் கொழுந்து கிள்ளுகிறவள், நிரந்தரக்காரி. மனசில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள். ஞாயிற்றுக்கிழமை வாசனை சுவர் தாண்டிப் போகும்போதெல்லாம் வந்து நிலைப்படியில் நிற்பாள்.

"இருவத்தி நாலுல ஒனக்கு எத்தன?"

"எனக்கெதுக்கு அக்கா? நான் என்ன வடமா இழுக்கப் போறேன்?"

"நீ ஒரு உசுரயே இழுத்துக்கிட்டுத் திரியிற. கிறுக்குக் கழுத, ஒண்ணத் தின்னுடி."

ராமுத்தாய் தின்னமாட்டாள். பொய் சொல்லக் கூடாது, ஆசை இல்லாமல் இல்லை. முட்டை உதிர்த்த சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு வழித்துத் தின்பாள். அதுதான் அவளுடைய புரோட்டீன்.

ஆடிப் பதினெட்டு அன்று அவள் சரிவில் மயங்கி விழுந்தாள். பெரிய அடி ஒன்றுமில்லை, தேயிலைத் தூரே தாங்கிக்கொண்டது. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை, தினம் முட்டை சாப்பிடு என்று திட்டி, கையில் ஒரு முட்டையையும் கொடுத்து அனுப்பினார். அதை முந்தானையில் முடிந்து பத்திரமாகக் கொண்டுவந்தாள். கொண்டுவந்து என்ன செய்தாள் என்று கேட்க வேண்டியதே இல்லை. அதுவும் அவன் ரொட்டிக்குள்தான் போனது. சுருளிவேல் அன்றைக்கு அவள் தலையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு மாசந்தான் புள்ள, பொறுத்துக்க" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

உடம்பு சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஏறியது. வாரா வாரம் தேயிலைப் பெட்டி நிறுக்கிற தராசில் ஏழு பேரும் ஏறி நிற்பார்கள். மற்ற ஆறு பேரின் எடை முன்னே போகும், பின்னே வரும். சுருளிவேலின் எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பழைய சட்டையில் நெஞ்சுப் பொத்தான் இரண்டு தெறித்து விழுந்தன. ராமுத்தாய் அவற்றைத் தேடி எடுத்துத் தைத்தாள். மறுபடியும் தெறித்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வடம்வலி நாளில் மழை விட்டிருந்தது. மஸ்டர் களத்தைச் சுற்றி இரண்டு டிவிஷன் சனமும் நின்றது. பலா மரத்தடியில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ராமுத்தாய் இடுப்பில் ரொட்டித் தூக்கோடு முன் வரிசைக்குப் போனாள். முதல் இழுப்பு கீழ் டிவிஷனுக்குப் போனது. இரண்டாவது மேல் டிவிஷனுக்கு. மூன்றாவதில் இரு பக்கமும் நகரவே இல்லை. சேற்றில் குதிகால்கள் புதைந்தன. மேல் டிவிஷனில் ஒருத்தன் சறுக்கினான், அடுத்தவன் முட்டி போட்டான். வடம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போனது, இரண்டு சாண் போனது. அப்போது சுருளிவேல் மல்லாந்து படுக்கிற மாதிரி பின்னால் சாய்ந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அவன் ஒருத்தனே ஏழு பேருக்கும் நின்றான் என்று பார்த்த எல்லோரும் சொன்னார்கள். மற்றவர்கள் எழுந்து காலை ஊன்றுகிறவரை நின்றான். பிறகு எட்டு எட்டாகக் காலைப் பின்னுக்கு வைத்தான். கீழ் டிவிஷன் மொத்தமும் கோட்டைத் தாண்டி வந்து குப்புற விழுந்தது.

கத்தரீனாள் அவளைக் கட்டிக்கொண்டாள். ராமுத்தாய் அழுதாள். யூக்கலிப்டஸ் மரத்தடியில் கிடக்கிற பிள்ளைக்கும் சேர்த்து அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளை வீட்டுப் பாயில் பிறக்கும், சரிவில் பிறக்காது. அவளுக்கு அது போதும்.

களம் அமைதியாயிற்று. துரை எழுந்து நின்று, "சுருளிவேல், கேளு" என்றார்.

சுருளிவேல் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தான். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான். ராமுத்தாய் நின்ற பக்கம் மட்டும் அவன் கண் வரவில்லை. அவளுடைய உதடுகள் அந்த வார்த்தைகளை அவனுக்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கிவிட்டன. ஐயா, எம் பொண்டாட்டி ஒம்பது வருசமா...

"ஐயா, எனக்குக் கங்காணி வேல குடுக்கணும்."

துரை தலையை அசைத்தார். கை தட்டுகிற சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

ராமுத்தாய்க்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. இனிமேல் அவளைப் பற்றியும் சொல்வான் என்று காத்திருந்தாள். ஒன்றுதான் கேட்கலாம் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் காத்திருந்தாள். அதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கங்காணி பொண்டாட்டி, இனிமே எங்களக் கண்ணுக்குத் தெரியுமா?" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி அவள் தூக்கைத் திறந்து ரொட்டிகளை எடுத்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தாள். ராமுத்தாய் சிரித்தாள். அத்தனை பேர் நடுவில் வேறெப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்தரீனாள் மட்டும் கை தட்டவில்லை, அவளுக்கு விஷயம் தெரியும்.

அன்று முழுக்க சுருளிவேலைக் கையில் பிடிக்க முடியவில்லை. கிடாயை வெட்டினார்கள், தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ராமுத்தாய் வீட்டில் உட்கார்ந்து தனக்குத் தானே அவனுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். களத்தில் நின்றதும் மூளை கலங்கியிருக்கும். அந்த நிமிஷத்தில் வாயில் எதுவோ வந்திருக்கும். பத்து வருஷம் குனிந்து கவ்வாத்து வெட்டின முதுகு, திடீரென்று ஆசைப்பட்டுவிட்டது. நாளைக்குக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். நிமிஷத்தில் வந்த புத்திக்கேடு என்றால் மன்னித்துவிடலாம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் படுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது கடைவீதித் தையற்காரர் ஏசுரத்தினம் கையில் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். சுருளிவேல் குளிக்கப் போயிருந்தான்.

"கங்காணியார் இல்லையா? கோட்டுக் கொண்டாந்தேன்."

பிரித்தாள். காக்கிக் கோட்டு. கங்காணிமார் போடுகிற அதே கோட்டு, நான்கு பை, பித்தளைப் பொத்தான்.

"நேத்து சாயங்காலம் கேட்டு, இன்னிக்குக் காலையில தச்சுட்டீங்களாண்ணே?"

"நேத்தா? ஆடிப் பதினெட்டு அன்னைக்கே அளவு குடுத்துட்டாரேம்மா. நெஞ்சு இன்னும் ரெண்டு இஞ்சு பெருகும், விட்டுப் பிடிச்சுத் தையுங்கன்னாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, ஜெயிச்ச மறுநாள் கொண்டாங்கன்னாரு. நல்ல தெகிரியந்தான் ஆளுக்கு."

அவர் போய்விட்டார். ராமுத்தாய் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சரிவில் விழுந்த நாள். கம்பவுண்டர் கொடுத்த முட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நாள். அவளுடைய தலையைத் தொட்டு, பொறுத்துக்க என்று சொன்ன கை, அதற்கு முன்னாலேயே கடைவீதியில் அளவு கொடுத்துவிட்டு வந்த கை. அதற்குப் பிறகும் நான்கு ஞாயிற்றுக்கிழமை அவள் ரொட்டி சுட்டிருக்கிறாள். நான்கு இருபத்துநான்கு ரொட்டிகளை, இதற்குத்தான் என்று தெரிந்தே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் தின்றிருக்கிறான். பெருகும் என்று சொன்ன இரண்டு இஞ்சும் அவள் சுட்டதுதான். பாவி. வேறு சொல் கிடைக்கவில்லை அவளுக்கு.

சுருளிவேல் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். கோட்டைப் பார்த்ததும் நின்றான். பிறகு, எப்படியும் போட்டுப் பார்க்கத்தானே வேண்டும் என்கிற மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டான். அச்சாகப் பொருந்தியது.

"ஏ புள்ள, சொன்னா கேளு. கங்காணியானா ஒனக்கும் மரியாததான. தனி வீடு குடுப்பாக. ஒம் பேர அடுத்த வருசம் கேட்டுக்கிருவோம். வடம் எங்க ஓடிரப் போவுது?"

"வடம் எங்கயும் ஓடாதுங்க. வயித்துல இருக்கது தையில வந்துரும்."

"எம் முதுகப் பாத்தியா நீ? கவ்வாத்துலயே கெடந்து சாகச் சொல்றியா? ஒருக்காதான் கேக்க முடியும்."

"அதத்தான் நானும் ஆனி மாசத்துல இருந்து நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

கோட்டுப் பொத்தானைப் போட்டான், கழற்றினான். பசிக்குது என்று மட்டும் சொன்னான்.

அவள் சண்டை போடவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளவும் இல்லை. எழுந்துபோய் எப்போதும் போல இருபத்துநான்கு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். கடலை இடித்தாள், பயறு மசித்தாள், தக்காளியைச் சுருள வதக்கினாள், முட்டையை உதிர்த்தாள். வாசனை சுவர் தாண்டிப் போனது. கத்தரீனாள் வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"இன்னமும் அந்தப் பயலுக்குச் சுடுறியே, வெக்கமா இல்லயாடி?"

"பாதிதான் அவருக்குக்கா" என்றாள் ராமுத்தாய்.

திங்கட்கிழமை மஸ்டரில் புதுக் கோட்டும் புதுக் குடையுமாகச் சுருளிவேல் நின்றான். கழுத்தில் விசில் தொங்கியது. நிரந்தரக்காரர்களின் பேர்களைக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் டெம்பரவரிகளின் பட்டியல் வரும்.

"ராமுத்தாய்."

"இருக்கேன் கங்காணி."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். அவள் சிரிக்கவில்லை. அவன் தாளில் புள்ளி வைத்தான்.

மத்தியானம் கங்காணிமார் தொழிலாளிகளோடு சாப்பிட மாட்டார்கள். சில்வர் ஓக் மரத்து நிழலில், ஃபீல்டு ஆபீசர் சாருக்குப் பக்கத்தில் சுருளிவேலுக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் நாள். சார் மலையாளி, நல்ல மனிதர். சுருளிவேல் தூக்கைத் திறந்தான். இரண்டே மடக்கு ரொட்டி, ஓரம் உள்ளே மடித்து இறுக்கிச் சுருட்டியது, மேலே சிவக்கச் சுட்டது. ஒன்றை எடுத்து சாரிடம் நீட்டினான்.

"சாப்பிட்டுப் பாருங்க சார். நான் ஜெயிச்சதே இதுலதான். துரை பங்களாவுலகூடக் கெடைக்காது."

சார் ஒரு கடி கடித்தார், மென்றார், இன்னொரு கடி கடித்தார். பிறகு ரொட்டியை விரித்துப் பார்த்தார்.

"இதில ஒண்ணும் இல்லல்லோ சுருளி. வெறும் ரொட்டியல்லே?"

சுருளிவேல் மற்றதையும் பிரித்தான். இரண்டும் கொள்ளுகூடச் சேராத வெறும் கோதுமை மாவு. உள்ளே தக்காளி இல்லை, பயறு இல்லை, ஒரு கடலைகூட இல்லை. சுருட்டலில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. கங்காணி முகம் கறுத்துப் போய் எழுந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த சரிவுக்கு வந்தான். ராமுத்தாய் கத்தரீனாளுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த ரொட்டியின் ஓரத்தில் முட்டை மஞ்சளாகத் தெரிந்தது.

"எனக்கு உள்ள ஒண்ணும் வைக்கலயே?" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

அவள் வாயில் இருந்ததை மென்று முடித்தாள். அவசரமே படவில்லை.

"வச்சதெல்லாம் நீங்க தின்னு முடிச்சாச்சு கங்காணி. இனிமே இருக்கது இதுக்கு" என்று ரொட்டிக் கையாலேயே வயிற்றைக் காட்டினாள்.

எல்லாப் பெண்களுக்கும் கேட்டது. அவள் மெதுவாகப் பேசவில்லை. சுருளிவேல் நின்றான். அந்த வயிற்றின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன் அவன்தான் என்பது அப்போதாவது நினைவு வந்திருக்குமோ என்னவோ. நிழலில் சார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. ராமுத்தாய் தன் இரண்டாவது ரொட்டியை அப்போதுதான் எடுத்திருந்தாள். அவன் சாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு விசிலை வாயில் வைத்து ஊதினான்.

பெண்கள் எழுந்து கூடைகளை மாட்டினார்கள். ராமுத்தாய் எழவில்லை. கடைசி வாய்வரை தின்றாள், விரலில் ஒட்டிய தக்காளியை நக்கினாள், இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் கையைத் துடைத்தாள். எழுந்து, சாக்கை வயிற்றில் அழுந்தாமல் தளர்த்திக் கட்டிக்கொண்டு, தன் வரிசைக்குள் இறங்கினாள். பிள்ளை பிறக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது.